பாட்டாளியின் வயிறும் 'கேஸ்' மாத்திரை வியாபாரமும்

குலசேகரன்பட்டினத்தில் உப்பு வாரும் சகோதரியைக் கேளுங்கள். உடன்குடித் தேரியில் பனையேறும் தோழரைக் கேளுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நடும் பெண்களைக் கேளுங்கள். நூற்பாலையில் ராத்திரி ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தொழிலாளியைக் கேளுங்கள். "சாப்பிட்டது செமிக்க மாட்டேங்கு, நெஞ்சைக் கரிக்கி, வெறும் வயித்தில எரியுது" என்ற பேச்சு எழாத தெரு இந்த வட்டாரத்தில் உண்டா? வெற்றிலை பாக்கு இருந்த மடியில் இப்போது 'கேஸ்' மாத்திரை அட்டை குடியேறிவிட்டது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. தீர்ந்தால் பெட்டிக்கடை, மருந்துக்கடை. இப்படிப் பத்து வருஷம், பதினைந்து வருஷம்!

இந்த நோயாளிக்குக் கிடைக்கும் உபதேசமோ இலவசம். "வேளாவேளைக்குச் சாப்பிடு! காரத்தைக் குறை! கவலையை விடு!" உபதேசம் செய்கிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். ஆலையில் சாப்பாட்டு நேரத்தை நிர்ணயிப்பது தொழிலாளியா, முதலாளியா? கூலி நிச்சயமில்லாத விவசாயத் தொழிலாளி கவலையை எந்தக் கடையில் கொடுத்துவிட்டு வருவது? கஞ்சிக்குத் துணை ஒரு மிளகாய்தான் என்ற நிலையில் இருப்பவனிடம் போய்க் காரத்தைக் குறை என்று சொல்வது வைத்தியமா, கேலியா?

இந்த உபதேசத்தின் சூட்சுமத்தைத் தொழிலாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும். வயிற்றுவலிக்கு உன் பழக்கமே காரணம் என்று சொல்லிவிட்டால், தண்ணீர் கொடுக்காத சர்க்காருக்குப் பொறுப்பில்லை. ஒரே அறையில் ஏழு பேரைப் படுக்கவைத்த கூலிக்குப் பொறுப்பில்லை. ஆயுள் முழுக்க மாத்திரை விற்கிற கம்பெனிக்கும் பொறுப்பில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பது நோயாளி ஒருவன்தான்! விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

உண்மையான குற்றவாளி

இரைப்பையில் சுரக்கும் அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர் வாழ முடியாது என்பதே நீண்ட காலம் மருத்துவப் பாடமாக இருந்தது. 1982ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு டாக்டர்கள் இந்தப் பாடத்தைப் பொய்யாக்கினார்கள். வயிற்றுப் புண்ணும் இரைப்பை அழற்சியும் உள்ளவர்களின் வயிற்றில், சுருள் வடிவிலான ஒரு கிருமி கூட்டம் கூட்டமாகக் குடியிருப்பதைக் கண்டு, அதைத் தனியே வளர்த்தும் காட்டினார்கள். இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? உடம்பில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. பிறகு வால் போன்ற இழைகளால் நீந்தி, இரைப்பையின் உட்புறத்தைக் காக்கும் கோழைப் படலத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறது. அது குடியேறிய இடத்தில் சவ்வு வெந்து போகிறது. சிலருக்கு அது அழற்சியோடு நிற்கும். சிலருக்கு அசீரணம், எரிச்சல், ஏப்பம். இன்னும் சிலருக்கு இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண். பல ஆண்டுகள் கழித்து ஒரு சிலருக்குப் புற்றுநோய். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புக் காரணிகளில் சேர்த்தது.

மார்ஷல் சொன்னதை மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. 1983இல் அவர் அனுப்பிய ஆராய்ச்சிச் சுருக்கத்தை அவர் நாட்டு மருத்துவ மாநாடே தள்ளிவிட்டது. 1984இல் அவர் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார்! சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. இரைப்பை வெந்திருப்பது பரிசோதனையில் தெரிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

புண் ஆறினால் யாருக்கு நஷ்டம்?

இதற்கு முன்னமே ஒரு எச்சரிக்கை வந்தது. கிரீஸ் நாட்டில் மிசோலோங்கி என்ற சிற்றூரில் ஜான் லிகூடிஸ் என்ற சாதாரண டாக்டர், 1958 முதல் வயிற்றுப் புண்ணுக்கு ஆண்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்தி வந்தார். அவருக்கு மாலை விழவில்லை, அபராதம் விழுந்தது! மருத்துவச் சபையும் பத்திரிகைகளும் மருந்துக் கம்பெனிகளும் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. 1980இல் அவர் இறந்தார்.

அதே காலத்தில் என்ன நடந்தது? 1976இல் சிமெடிடின், 1981இல் ரானிடிடின் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் சந்தைக்கு வந்தன. அவை நல்ல மருந்துகளே. புண்ணை ஆற்றின, எத்தனையோ பேரைக் கத்தியிலிருந்து காப்பாற்றின. ஆனால் மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் புண் திரும்பி வந்தது. ஆகவே மாத்திரையை நிறுத்தக்கூடாது. முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிமெடிடின் ஆண்டுக்கு நூறு கோடி டாலர் விற்பனையைத் தொட்டது; அடுத்து ரானிடிடின் உலகிலேயே மிக அதிகம் விற்கும் மருந்தாயிற்று. இரண்டு வாரத்தில் நோயைத் தீர்த்துவிடும் பழைய, மலிவான ஆண்டிபயாடிக்கைப் பற்றிப் பிரசாரம் செய்ய எந்தக் கம்பெனி பணம் செலவழிக்கும்?

அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இக்கிருமி உள்ள புண் நோயாளிகளுக்கு ஆண்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று 1994 பிப்ரவரியில்தான் சொல்லியது. கிருமியைக் கண்டுபிடித்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதை ஒரு சதி என்று நாம் சொல்லவில்லை. லாபத்துக்குச் சதி தேவையில்லை. நோயைத் தீர்க்கும் மருந்தில் லாபம் குறைவு, நோயை அடக்கி வைக்கும் மருந்தில் லாபம் அதிகம் என்றால், பணம் எந்தப் பக்கம் ஓடும் என்பதை எந்த ஆலைத் தொழிலாளியும் சொல்லிவிடுவார்.

நெய்யூர் சொல்லும் சாட்சி

இது ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அன்று அந்தப் பகுதி திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1922இல் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கில சர்ஜன், திரும்பும் வழியில் இந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தார். நோயாளிகள் குவிந்து கிடந்தார்கள். அறுவை செய்ய ஆளில்லை. லண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு, இங்கேயே வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் மேஜைக்கு ஓயாமல் வந்த நோய் எது? முன்சிறுகுடல் புண்! வலியில் சுருண்டு, சாப்பிட்டதை வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாக வந்த ஏழைகள். அவரும் அவருடைய சகாவான ஓர் என்ற டாக்டரும் ஏராளமானவர்களுக்கு வயிற்றைக் கீறி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்து வலியைத் தணித்தார்கள். இந்த நோயைப் பற்றி 1936இல் ஆங்கில மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். மரவள்ளிக் கிழங்கும் அரிசியும் மிளகாயுமாக, சத்தில்லாமல் இருந்த ஏழையின் சாப்பாட்டின் மேலேயே அவர்களுடைய சந்தேகம் விழுந்தது. கிருமியைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது.

பிறகு மைசூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்த பிராங்க் டோவி என்ற சர்ஜன், இந்தியா முழுவதும் கணக்கெடுத்து 1979இல் வெளியிட்டார். அரிசி தின்னும் தெற்கிலும் கிழக்கிலும் இந்தப் புண் அதிகம், கோதுமை தின்னும் பஞ்சாப் பக்கம் குறைவு என்று அவர் காட்டினார். கிருமியோ வடக்கிலும் தெற்கிலும் நிறையவே உண்டு. அப்படியானால் சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது. கிருமி குடியேறிய வயிற்றில் புண் வருமா வராதா என்பதைத் தட்டில் விழும் உணவும் ஓரளவு தீர்மானிக்கலாம். ஆனால் பளபளவென்று தீட்டிய அரிசியைத் தவிர வேறு வாங்க வழியில்லாதவனைப் பார்த்து, "உன் சாப்பாடு சரியில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியுமா? அது கூலிப் பிரச்சினை, ரேஷன் பிரச்சினை!

கிருமி எந்த வாசல் வழியே வருகிறது?

இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிக்கொள்கிறது. ஒருவர் வாயிலிருந்தும் வாந்தியிலிருந்தும் மலத்திலிருந்தும் இன்னொருவர் வாய்க்குப் போகிறது. ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்கும் குடும்பம், சுத்தமில்லாத தண்ணீர், கக்கூஸ் இல்லாத வீடு, கை கழுவ வழியில்லாத வேலைத்தலம் இவையே அதன் வாசல்கள். ஒருமுறை புகுந்தால், மருந்து கொடுத்து விரட்டாதவரை ஆயுள் முழுக்க இருக்கும். இந்தியாவில் வயது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இது உண்டு. பணக்கார நாடுகளில் வீடும் தண்ணீரும் சீரடையச் சீரடைய, தலைமுறைக்குத் தலைமுறை இது குறைந்து வந்திருக்கிறது. எந்த மருந்தும் கொடுக்காமலே குறைந்தது!

இப்போது நமது வட்டாரத்தைப் பார்ப்போம். தாமிரபரணி இந்த மண்ணின் ஆறு. ஸ்ரீவைகுண்டம் அணைதான் அதன் கடைசி அணை. குலசேகரன்பட்டினமும் உடன்குடியும் அதற்கும் அப்பால் கடைமடையில் கிடக்கின்றன. கிணற்றில் கடல் நீர் ஏறி உப்புக் கரிக்கிறது. ஆனால் அதே ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் தண்ணீரைத் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டுக் குழாய் பதித்தார்கள். கம்பெனிக்குக் குழாய், கடைமடைக்குக் குடம்! குடத்தோடு வரிசையில் நிற்கும் தாய், குழந்தையின் கையைக் கழுவ எத்தனை செம்புத் தண்ணீர் செலவழிப்பாள்?

2024 பிப்ரவரி 28ஆம் தேதி, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் அதற்கு ஒதுக்கப்பட்டது. விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. ராக்கெட் பறக்கட்டும், நமக்கும் பெருமைதான். ஆனால் விஞ்ஞானம் வானத்துக்கு மட்டும் சொந்தமா? ஏவுதளத்துக்கு வெளியே உப்பு வாரும் பெண்ணின் வயிற்றுக்குள் இருக்கும் கிருமியைக் கண்டுபிடிக்கும் விஞ்ஞானம் 40 வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டதே! அது இந்த ஊருக்கு எப்போது வந்து சேரும்?

பதினான்கு நாள் வைத்தியம்

நீடித்த அசீரணம் உள்ளவர்களுக்கு வைத்தியம் என்ன? முதலில் பரிசோதனை. மூன்று வழிகள் உண்டு. ஒரு திரவத்தைக் குடிக்கச் சொல்லி, மூச்சுக் காற்றைப் பிடித்துப் பார்ப்பது ஒன்று. கிருமி யூரியாவை உடைத்தால் மூச்சில் தெரியும். மலத்தைச் சோதிப்பது இரண்டாவது. எண்டோஸ்கோப்பிக் குழாய் விட்டு, சவ்வில் ஒரு துளியைக் கிள்ளி மருந்தில் போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது மூன்றாவது. கேஸ் மாத்திரை தின்றுகொண்டிருந்தால் கிருமி பதுங்கி, சோதனை பொய் சொல்லும். ஆகவே டாக்டரிடம் கேட்டு, இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

கிருமி இருப்பது உறுதியானால் 14 நாள் வைத்தியம். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரை ஒன்று. கூடவே இரண்டு ஆண்டிபயாடிக். பல சமயம் பிஸ்மத்தும் சேரும். அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல், டெட்ராசைக்ளின் இவற்றில் எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்து தின்னும்போது வாய் கசக்கும், குமட்டும், வயிறு இளகும். பிஸ்மத் தின்றால் மலம் கறுக்கும். இதற்குப் பயந்து ஐந்தாம் நாள் நிறுத்தாதீர்கள்! பாதியில் நிறுத்தினால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அந்த இரண்டு வாரமும் சாராயம் கூடாது. முடித்து நான்கு வாரம் கழித்து மறுபடி சோதித்து, கிருமி ஒழிந்ததா என்று பார்க்க வேண்டும்.

தொழிலாளிகளிடம் எதையும் மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. அசீரணம் எல்லாமே இந்தக் கிருமியால் வருவதல்ல. புண் இருந்து கிருமியும் இருந்தால், கிருமியை ஒழித்தவர்களில் பெரும்பாலோருக்குப் புண் திரும்ப வருவதில்லை. இது மகத்தான வெற்றி. ஆனால் புண் இல்லாமல் வெறும் அசீரணமும் கிருமியும் மட்டும் உள்ளவர்களில், கிருமியை ஒழித்ததனால் தொல்லை அறவே தீர்வது சுமார் 14 பேரில் ஒருவருக்குத்தான் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மற்றவர்களுக்கு வேறு வைத்தியம் வேண்டும். ஆனாலும் அந்த 14 பேருமே பின்னால் வரக்கூடிய புண்ணிலிருந்தும் புற்றுநோயிலிருந்தும் தங்கள் ஆபத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு குற்றவாளியும் உண்டு. இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் வாங்கித் தின்னும் டைக்ளோபினாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் தாமாகவே வயிற்றில் புண் உண்டாக்கும். மூட்டை சுமப்பவரும் குனிந்து நாற்று நடுபவரும் இதைக் கவனிக்க வேண்டும். மலம் தார் போலக் கறுத்தால், ரத்த வாந்தி வந்தால், உடம்பு காரணமில்லாமல் இளைத்தால், விழுங்கச் சிரமப்பட்டால், ரத்தசோகை இருந்தால், நடுவயதைத் தாண்டியபின் புதிதாக அசீரணம் தொடங்கினால் ஒரு நாளும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எண்டோஸ்கோப்பி பாருங்கள்.

தட்டிக்கழிப்போரின் வாதங்கள்

"பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இருக்கிறது. எல்லோருக்குமா மருந்து கொடுப்பது?" என்பது முதல் வாதம். எல்லோருக்கும் என்று யார் கேட்டார்கள்? நீடித்த அசீரணத்தால் அவதிப்படுகிறவர்களைச் சோதியுங்கள், கிருமி இருந்தால் ஒழியுங்கள் என்கிறோம். ஜப்பான் சர்க்கார் 2013இலேயே, கிருமியால் இரைப்பை அழற்சி உள்ள எல்லோருக்கும் இந்த வைத்தியத்தைத் தேசிய இன்ஷூரன்ஸில் சேர்த்துவிட்டது. தைவானைச் சேர்ந்த மாட்சு என்ற சின்னத் தீவுக் கூட்டத்தில் 2004 முதல் 30 வயதும் அதற்கு மேலும் ஆன ஜனங்களைச் சோதித்து வைத்தியம் செய்தார்கள். கிருமி உள்ளவர்கள் நூற்றுக்கு 64லிருந்து 15 ஆகக் குறைந்தார்கள். இரைப்பைப் புற்றுநோயும் சுமார் பாதியாகக் குறைந்தது.

"ஆண்டிபயாடிக் அதிகம் கொடுத்தால் கிருமிகள் பழகிவிடும்" என்பது இரண்டாவது வாதம். உண்மைதான். மெட்ரோனிடசோலுக்கு இந்தியாவில் இக்கிருமி ஏற்கெனவே பெருமளவு பழகிவிட்டது. கிளாரித்ரோமைசினை எதிர்க்கும் இதே கிருமியை உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆபத்தான கிருமிகளின் பட்டியலில் வைத்தது. ஆனால் கிருமியைப் பழக்கியது யார்? சோதனையில்லாமல், சீட்டில்லாமல் கடைகளில் மூன்று நாளுக்கு ஆண்டிபயாடிக் விற்கும் வியாபாரம்தானே! சோதித்து, சரியான மருந்தை, முழு 14 நாளும் கொடுப்பதே அதற்குப் பரிகாரம்.

"ஒழித்தாலும் மறுபடி தொற்றும்" என்பது மூன்றாவது வாதம். பெரியவர்களுக்கு அது அடிக்கடி நடப்பதில்லை. நடக்கிற இடத்தில், தண்ணீரையும் வீட்டையும் கக்கூஸையும் சரிசெய் என்பதுதான் அதன் அர்த்தம். வைத்தியம் செய்யாதே என்பதல்ல!

நாம் கேட்பது என்ன?

ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் நீடித்த அசீரண நோயாளிகளுக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ காசில்லாமல் கிடைக்க வேண்டும். 14 நாள் மருந்தையும் ஒரே பொட்டலமாக, ஒரே நாளில் கையில் கொடுக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கவைக்கக் கூடாது. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக மலிவாக வாங்கி நாட்டுக்கே வழிகாட்டியது. அந்தக் கழகத்துக்கு இது முடியாத காரியமா? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடிப் போனதே, வயிற்றுக்கு ஏன் போகக் கூடாது?

இ.எஸ்.ஐ. சந்தா நமது கூலியிலிருந்து பிடிக்கப்படுகிறது. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் கேஸ் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், "எனக்குக் கிருமிச் சோதனை எழுதுங்கள்" என்று ஆலைத் தொழிலாளி கேட்க வேண்டும். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இதுவும் ஏற வேண்டும். அந்தச் சந்தாச் சீட்டு இல்லாத உப்பளத் தொழிலாளிக்கும் பனைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியே கதி. ஆகவே அங்கே இந்த வசதி வராமல் விடக் கூடாது. வேலைத்தலத்தில் குடிக்க நல்ல தண்ணீரும், கை கழுவத் தண்ணீரும், பெண்களுக்குக் கக்கூஸும், உட்கார்ந்து சாப்பிட நேரமும் வேண்டும். கடைமடைக் கிராமங்களுக்குத் தாமிரபரணிக் குடிநீர் முதலில், கம்பெனிக்குப் பிறகு!

1942இல் இதே குலசேகரன்பட்டினத்து உப்பளத்தில் எழுந்த கலகம் வெள்ளை ஏகாதிபத்தியத்தைக் கலங்கடித்தது. அந்த வழக்கை நாடே கவனித்தது. அந்த மண்ணின் மக்கள் ஒரு பரிசோதனையையும் பதினான்கு நாள் மருந்தையும் ஒரு குழாய்த் தண்ணீரையும் கேட்டு வாங்க முடியாதவர்களா? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். எத்தனை வீட்டில் எத்தனை வருஷமாகக் கேஸ் மாத்திரை தின்கிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டு போங்கள். தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். பெண்களை முன்னே நிறுத்துங்கள்.

வயிற்று நெருப்பை விதியென்று சகித்தது போதும், தோழர்களே! அந்த நெருப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது, அணைக்கும் மருந்தும் வந்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ளும் பலம் நமது ஒற்றுமையில்தான் இருக்கிறது.